ஒரே ஒரு பஸ்ஸில் தொடங்கிய ஜி.டி.நாயுடு

சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறை வட்டாரத்தில் சிறுதொழில் செய்து பிழைக்கும் தமிழர்கள் பலர். சிலர் ஜீப் வைத்துக்கொண்டு கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்கள். சிலர் சாலையோரத்தில் டீக்கடை போட்டிருக்கிறார்கள். சிலர் தேயிலைத்தூள், ஏலக்காய், மிளகு ஆகியவற்றைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

எல்லோரிடமும் இருப்பது ஒரே மாதிரி ஜீப். ஏறக்குறைய ஒரே வாடகை. அடுத்தடுத்த கடைகளில் அதே தேயிலை, அதே ஏலக்காய். ஆனாலும் ஒருவர் முன்னுக்கு வருகிறார்; பக்கத்திலேயே இருப்பவர் கடனில் மூழ்குகிறார். இது ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோர் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1920-ல் அவரிடமும் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை அவரே ஓட்டினார். பிற்காலத்தில் நாடே வியந்து பேசிய ஜி.டி.நாயுடுதான் அவர்.

அவர் வென்ற இடங்களும் உண்டு. தோற்ற இடங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் கிடைக்கும்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

கோவை மாவட்டம் சூலூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி கோபால்சாமி நாயுடு என்ற விவசாயியின் மகனாகத் துரைசாமி பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. அதன் பிறகு வயல் வேலைதான். ஆனால் எதைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று அறியும் ஆவல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் அவர் படித்த நூல்கள் ஏராளம். எல்லாம் தாமாகத் தேடிப் படித்தவை.

மோட்டார் சைக்கிள் ஆசை

அந்த நாளில் கிராமத்துக்குள் மோட்டார் வண்டி வருவது அதிசயம். வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லாமல், மிதிப்பதும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி இளைஞர் துரைசாமியின் மனத்தைப் பறித்துக்கொண்டது.

அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கையில் காசு இல்லை. கோவைக்குப் போனார். ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலையில் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார், மேஜை துடைத்தார். மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடமே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார். எந்தத் திருகு எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்று கைகளாலேயே படித்தார். அவருக்குக் கிடைத்த பொறியியல் படிப்பு அதுதான்.

மூன்று ஆண்டுச் சம்பளத்தை ஒரு வண்டியில் போட்டவரை அன்று ஊரார் பைத்தியக்காரன் என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தில் அவர் வாங்கியது வண்டியை மட்டும் அல்ல. வண்டி வைத்திருந்த பலரிடம் இல்லாத ஒன்றை, வண்டியைப் பற்றிய அறிவை வாங்கினார்.

பஞ்சில் போன பணம்

மோட்டார் கையில் வந்ததும் பஸ் முதலாளியாகிவிட்டார் என்று நினைக்கக்கூடாது. நடுவில் ஒரு சறுக்கல் இருந்தது.

முதல் உலகப் போர்க் காலம். கொங்கு நாட்டில் பருத்தித் தொழில் கொழித்தது. திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நாயுடு நல்ல லாபம் கண்டார். லாபம் தந்த தைரியத்தில் பம்பாய்க்குப் போனார். அங்கே பெரிய வியாபாரிகளோடு போட்டியிட்டுப் பஞ்சு வியாபாரத்தில் பணத்தைப் போட்டார். போட்டது போயிற்று. கையைப் பிசைந்துகொண்டு கோவை திரும்பினார்.

திருப்பூரில் பருத்தியைத் தொட்டுப் பார்த்து, தரம் அறிந்து தொழில் செய்தார், லாபம் வந்தது. பம்பாயில் பஞ்சின் விலை நாளை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் வியாபாரம். அதில் அவருக்கென்று தனித்த பலம் எதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த வேலையில் சிறிய ஆள்கூடப் பெரிய ஆளை எதிர்த்து நிற்கலாம். தெரியாத வேலையில் பணம் உள்ளவனே ஜெயிப்பான். அதன் பிறகு நாயுடுவின் கவனம் மோட்டார் பக்கம் திரும்பியது.

பழனிச் சாலையில் ஒரு பஸ்

அப்போது கோவையில் ஸ்டேன்ஸ் கம்பெனி புகழ் பெற்றிருந்தது. மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காபியைப் பதப்படுத்துவதிலும், நூற்பாலைத் தொழிலிலும் ஈடுபட்ட நிறுவனம் அது. அதன் அதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ், நாயுடுவின் திறமையைக் கண்டு கைகொடுத்தார். அந்த உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சி - பழனி பாதையில் ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

அந்தப் பாதையின் அருமையை இன்று எண்ணிப் பார்க்க வேண்டும். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை 1915-ல் ரயில் வந்துவிட்டது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்கு ரயில் இல்லை. திண்டுக்கல் - பொள்ளாச்சி ரயில் பாதை திறக்கப்பட்டது 1928-ல்தான். சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தை மாட்டு வண்டியில்தான் கடக்க வேண்டும். வழியெங்கும் சந்தைகள். பழனிக்கோ ஆண்டு முழுவதும் பக்தர்கள் கூட்டம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் முருகன் அடியார்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

தேவை இருக்கும் பாதையில் வண்டி விட்டால் தொழில் நடக்கும். இதைப் புரிந்துகொள்ள மேதை தேவையில்லை. அதனால்தான் மற்றவர்களும் வண்டி விட்டார்கள். பஸ் தொழிலில் போட்டி கடுமையாக இருந்த காலம் அது. எந்தப் பாதையில் யார் ஓடலாம் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே சீராக முறைப்படுத்திய மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல்தான் வந்தது. அதற்கு முன்னர் ஒருவரை ஒருவர் முந்திப் பயணிகளைப் பிடிப்பதும், கட்டணத்தைக் குறைத்து எதிராளியை விழுத்தாட்டுவதும் பல ஊர்களில் சாதாரணம்.

எதில் வித்தியாசம்?

அந்தப் போட்டியில் நாயுடு மட்டும் எப்படி வளர்ந்தார்?

வண்டி வெளிநாட்டு வண்டி. பணம் உள்ள எவரும் அதை வாங்கலாம். பாதை பொதுப் பாதை. பெட்ரோல் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே வண்டியிலோ பாதையிலோ அவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

பஸ் தொழிலில் லாபத்தைத் தின்பது மூன்று. ஒன்று, வண்டி நடுவழியில் நிற்பது. இரண்டு, உதிரி பாகத்துக்கும் டயருக்கும் ஆகும் செலவு. மூன்று, வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் பயணி வேறு வண்டியில் ஏறிப் போய்விடுவது. அன்று ஒரு பாகம் உடைந்தால் சீமையிலிருந்து வர வேண்டும். அது கப்பலில் வந்து சேரும்வரை வண்டி கொட்டகையில் கிடக்கும். கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாயுடுவுக்கு மோட்டாரின் ஒவ்வொரு உறுப்பும் அத்துப்படி. வண்டி கெட்டால் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பஸ் ஒன்று பலவானபோது யு.எம்.எஸ். என்ற நிறுவனம் உருவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பதன் சுருக்கமே அது. பஸ்களோடு பட்டறையும் வளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் நாட்டிலேயே மிகச் சீராக நடத்தப்படும் பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று யு.எம்.எஸ். பெயர் பெற்றது.

வண்டியை ஒருவர் வாங்கினால் மறுவாரமே மற்றவரும் வாங்கிவிடலாம். ஆனால் சொன்ன நேரத்தில் வண்டி புறப்படும், நடுவழியில் நிற்காது என்ற நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியாது. அது தினந்தோறும் செய்யும் வேலையால் வருவது. 1928-ல் அந்தப் பக்கம் ரயிலே வந்த பிறகும் யு.எம்.எஸ். விழவில்லை, வளர்ந்தது.

இதே கால அளவில் மூணாறு மலைகளிலும் பெரிய மாறுதல் நடந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறிய ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. அதை மறுபடியும் கட்டவில்லை. மலைச் சரக்குக்கு இனி ரோப்வேயும், லாரி போகும் சாலையும்தான் வழி என்றாயிற்று. சமவெளியிலும் மலையிலும் மாட்டு வண்டிக் காலம் முடிந்து மோட்டார்க் காலம் பிறந்துகொண்டிருந்தது. அந்த மாறுதலை முன்கூட்டியே கற்றுக்கொண்டு காத்திருந்தவர் நாயுடு.

கோவைக்கு வந்த மின்சார மோட்டார்

நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வேலை செய்யத் தொடங்கியது. கோவைக்குத் தாராளமாக மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. கிணற்று நீரை மாடு பூட்டிக் கவலை இறைத்த விவசாயிக்குப் பம்பு செட் கனவு பிறந்தது. ஆனால் மோட்டார் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. விலை கட்டுப்படியாகாது.

நாயுடுவும், தொழில் வல்லுநர் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையை நடத்தினார்கள். 1937-ல் அங்கிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவி நூற்பாலை இயந்திரங்கள் செய்து புகழ் பெற்றார்.

மோட்டார், பம்பு, வார்ப்படம் என்று கோவையின் சந்துகளில் சிறு பட்டறைகள் முளைத்தன. ஒரு பட்டறையில் வேலை கற்றவர் வெளியே வந்து இன்னொன்றைத் தொடங்கினார். இன்றைக்கும் இடுக்கி மலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் கோவைப் பெயர் பொறித்தவை பல. மூணாறு அருகே பள்ளிவாசல் மின் நிலையம் 1940-ல் இயங்கத் தொடங்கியபோது மலைநாட்டுக்கும் அந்த யுகம் வந்து சேர்ந்தது.

சவரக் கத்தியிலிருந்து ரேடியோ வரை

நாயுடுவின் மூளை ஓயவில்லை. உலர் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரேசண்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, சினிமாக் கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தம்மால் தயாரிக்க முடியும் என்று நாயுடு அறிவித்தார்.

வெளிநாடுகளுக்கும் போய்வந்தார். 1936 ஜனவரியில் லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவால் படம் பிடித்தார். காலையில் அஸ்திவாரம் போட்டு மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது வகைகளை வளர்த்தார். சர் சி.வி.ராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய பண்ணையைப் பார்வையிட்டார்கள். மாகாணத் தேர்தலிலும் நின்று பார்த்தார், தோற்றார்.

இத்தனை பொருள்களில் எத்தனை மக்கள் கைக்கு வந்து நிலைத்தன? இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். பஸ் தொழில் நிலைத்தது. மோட்டார் தொழில் நிலைத்தது. ஆனால் ரேசரும் ரேடியோவும் விசிறியும் கோவையை உலகச் சந்தையாக்கவில்லை. செய்து காட்டுவது ஒரு திறமை. ஆயிரக்கணக்கில் செய்து, ஊர் ஊராக அனுப்பி, கெட்டால் பழுதுபார்த்து, ஆண்டுக்கணக்கில் விற்பது வேறு திறமை. ஒரு புதுமை முடிந்ததும் நாயுடுவின் மனம் அடுத்ததற்குத் தாவியது. பஸ்ஸுக்குத் தந்த அன்றாட உழைப்பை ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரே மனிதர் தந்துவிட முடியாது.

கற்றதைக் கொடுத்தவர்

1944-ல் தமது மோட்டார் நிறுவனங்களின் நேரடிப் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தம்மிடம் வேலை செய்தவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நலத்திட்டங்கள் என்று அறிவித்தார்.

அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னைக் கவர்னரின் பெயர் அது. பீளமேட்டுப் பக்கம் இன்றும் ஹோப் காலேஜ் என்ற பஸ் நிறுத்தம் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்லூரியே பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

1945-ல் கல்லூரியின் முதல்வராக நாயுடுவே இருந்தார். ஆரம்ப வகுப்போடு நின்றவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், பட்டறையில் நின்று கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவருடைய கருத்து. சர்க்கார் அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

கிடைக்காத லைசென்ஸ்

நாயுடுவின் வாழ்க்கையில் பலரும் மறக்காத அத்தியாயம் சின்னக் கார் விஷயம்.

1952-ல் அவருடைய பட்டறையிலிருந்து இரண்டு பேர் உட்காரக்கூடிய பெட்ரோல் கார் வெளிவந்தது. விலை 2,000 ரூபாய். அன்று விற்ற மற்றக் கார்களின் விலை அதைப்போலப் பல மடங்கு. குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் கார் வாங்குவதைக் கனவு காணலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் சுதந்திர இந்தியாவில் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் நிறைவேறியிருந்தது. முக்கியமான தொழில்களில் உற்பத்தி செய்ய மத்திய சர்க்காரின் லைசென்ஸ் வேண்டும். அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலம். இரும்பும் சிமெண்டும் அணைக்கும் ஆலைக்கும் முதலில் போக வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் கருதினார்கள். கார் தொழிலைச் சில நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்வதே கொள்கை. 1953-ல் வரிவிதிப்புக் கமிஷன் செய்த சிபாரிசுக்குப் பின், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகளும் வெளியேறின.

நாயுடு கேட்ட லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் உற்பத்தி நின்றது. சாதாரண மக்களுக்கான சிறிய கார் என்று மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். நாயுடுவின் காருக்கும் அதற்கும் நடுவே 31 ஆண்டுகள்.

பொள்ளாச்சி சாலையில் அவர் ஜெயித்ததற்கும் இங்கே தோற்றதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே தீர்ப்புச் சொன்னவர் பயணி. நல்ல வண்டி எது என்று அவர் அன்றே முடிவு செய்தார். இங்கே தீர்ப்புச் சொன்னது டெல்லியில் இருந்த ஃபைல். வாங்குகிறவரின் கண்ணுக்கு முன்னால் நிற்கவே அந்தக் காருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய புதுமையானாலும், அதை விற்கும் உரிமை இல்லாவிட்டால் அது கண்காட்சிப் பொருள்தான்.

கையால் செய்ததைக் கையால் உடைத்தார்

வரியும் கட்டுப்பாடும் உழைப்பை நசுக்குகின்றன என்று நாயுடு கொதித்தார். 1950-களில் மக்களைக் கூட்டி, தாம் செய்த ரேடியோ முதலான பொருள்களை அவர்கள் கண்ணெதிரே உடைத்துப் போட்டார். தமிழ்நாடு அதிர்ந்தது.

அவருடைய கோபம் நியாயம் என்றவர்கள் இருந்தார்கள். பொருளை உடைப்பதால் யாருக்கு நன்மை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வரி இல்லாமல் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வராது என்பதும் உண்மை. ஆனால் ஓட்டலில் மேஜை துடைத்துச் சேர்த்த பணத்தில் தொழில் கற்ற ஒருவர், தம் கைப்பொருளைத் தாமே உடைக்கும் நிலைக்கு வந்தாரே என்ற வேதனையை எவராலும் மறைக்க முடியவில்லை.

ஏலத்தோட்டம் சொல்லும் சாட்சி

நாயுடுவின் கதை கோவையோடு முடிவதில்லை. இடுக்கி மலையிலேயே அதற்குச் சாட்சி உண்டு.

கட்டப்பனைப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த ஏலச் செடிகளைப் பொறுக்கி எடுத்து, பல ஆண்டு கவனித்து வளர்த்ததில் பிறந்ததுதான் ஞள்ளானி ரகம். ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ல, தோட்டத்தில் பிறந்த புதுமை அது. பழைய ரகங்களைவிடப் பல மடங்கு விளைந்தது. 1990-களில் மலை முழுவதும் பரவியது.

முதலில் நட்டவர்களுக்கு நல்ல லாபம். எல்லோரும் நட்ட பிறகு? எல்லோர் தோட்டத்திலும் அதே ரகம், அதே விளைச்சல். விளைச்சல் பெருகும் பருவத்தில் விலை இறங்கும். செடி தந்த தனிப்பலன் கரைந்துவிட்டது.

ஆனாலும் போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் எல்லா மூட்டையும் ஒரே விலைக்குப் போவதில்லை. பச்சை நிறம் மாறாத காய்க்கு ஒரு விலை. 8 மில்லிமீட்டருக்குமேல் பருத்த காய்க்கு ஒரு விலை. வெளுத்ததும் வெடித்ததும் கீழே போகின்றன. சரியான பக்குவத்தில் பறிப்பது, தாமதமின்றி ஸ்டோரில் போடுவது, சூடு மிஞ்சாமல் உலர்த்துவது, ஒழுங்காகத் தரம் பிரிப்பது என்ற அன்றாடக் கவனத்துக்குத்தான் அந்த விலை வித்தியாசம். செடியை அடுத்தவர் வாங்கி நடலாம். கைப்பக்குவத்தை வாங்க முடியாது. யு.எம்.எஸ். பஸ்ஸின் ரகசியமும் இதுவேதான்.

கொழுக்குமலையைப் பாருங்கள். தேனி மாவட்ட எல்லைக்குள், ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் உள்ள தோட்டம் அது. ஊரெல்லாம் சி.டி.சி. முறைக்கு மாறியபோதும் அங்கே பழைய முறையில் இலையைச் சுருட்டித் தேயிலை செய்கிறார்கள். பெரிய கம்பெனியோடு அளவில் போட்டியிட முடியாது. ஆனால் அந்த மணமும் உயரமும் பெரிய கம்பெனியின் மூட்டையில் வராது. பழையதை விடாமல் காப்பதும் சில இடங்களில் புதுமைதான்.

ஜீப் ஓட்டுபவருக்கும் டீக்கடைக்காரருக்கும் இது பொருந்தும். புது ஜீப்பைப் பக்கத்து வீட்டுக்காரரும் தவணையில் வாங்கிவிடுவார். கடைக்குப் புது போர்டு மாட்டினால் எதிர்க் கடைக்காரரும் மாட்டுவார். வாடகையைக் குறைத்துப் போட்டியிட்டால் முடிவில் இருவருக்கும் டீசல் செலவே மிஞ்சும். விடியற்காலை சூரிய உதயம் காட்டச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதும், பிரேக்கைத் தானே சோதிக்கத் தெரிந்திருப்பதும், எடை குறையாமல் பொட்டலம் கட்டுவதும் காசில்லாமல் வரும் மூலதனம். அதைச் சேர்க்க நாளாகும். சேர்ந்துவிட்டால் எதிராளியால் பறிக்க முடியாது.

மறைவும் நினைவும்

1967-ல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றின் மூலம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கவும், தொழிற் கண்காட்சி நடத்தவும் நாயுடு ஏற்பாடு செய்தார். அந்தச் சங்கமே இன்று ஜி.டி.நாயுடு அறநிலையமாக நடக்கிறது.

1972-ல் தமிழ்நாட்டில் பெரிய தனியார் பஸ் வழித்தடங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கோவையில் சேரன், மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. ஒற்றை பஸ்ஸோடு தனி மனிதர்கள் புறப்பட்ட ஒரு யுகம் அதோடு முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி, 80-வது வயதில் ஜி.டி.நாயுடு காலமானார்.

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. பழைய கார்களின் மியூசியமும் இருக்கிறது. அதே சாலையில் 10 கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளமுள்ள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கும் ஜி.டி.நாயுடு பெயரே சூட்டப்பட்டது.

விடுமுறைக்குக் கோவை வழியாக ஊர் போகும் தொழிலாளர்கள், பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தக் கண்காட்சியைக் காட்டலாம். கண்டுபிடிப்புகளைப் பார்த்து வியக்கட்டும். அதோடு, அவற்றைச் செய்தவர் ஓட்டல் சர்வராக இருந்து மூன்று ஆண்டு சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்பதையும், வாங்கியதும் சவாரி போகாமல் அதைக் கழற்றிப் பார்த்தார் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் சேர்த்த சொத்துக்கெல்லாம் விதை அந்தக் கழற்றிப் பார்த்த பழக்கம்தான்.